பெட்டிக்குள் திறந்து கிடக்கும் டீபக் போர்ட்: தமிழ்நாட்டு மின்னணுக் கருவித் தயாரிப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

கோவை, ஓசூர், ஸ்ரீபெரும்புதூர், அம்பத்தூர் பக்கம் கேமரா, பம்ப் கன்ட்ரோலர், ஜிபிஎஸ் டிராக்கர், கதவுப் பூட்டு, மீட்டர் என்று சிப் வைத்த கருவிகளைச் செய்து விற்கும் சிறு, நடுத்தர நிறுவன உரிமையாளர்களுக்கும், அங்கே உற்பத்தியைக் கவனிப்பவர்களுக்கும்,

வணக்கம்.

உங்களைப் போன்ற நிறுவனங்களுக்கு ஃபர்ம்வேர், அதாவது கருவியின் சிப்புக்குள் ஓடும் மென்பொருள், எழுதிக் கொடுப்பது என் தொழில். சிசிடிவி கேமராக்களுக்கான பாதுகாப்பு விதிகள் 2025 ஏப்ரல் 9 முதல் கட்டாயமானதில் இருந்து ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது: "ஜேடேக்கை மூடணுமாமே, லேப்ல பாஸ் ஆக என்ன செய்யணும்?" ஜேடேக் என்பது சிப்பைச் சோதிக்கவும் கோளாறு பார்க்கவும் போர்டில் விடும் வழி; இப்படிப்பட்ட வழிகளைத்தான் டீபக் போர்ட் என்கிறோம். தனித்தனியாகப் பதில் சொல்வதற்குப் பதில் எல்லோருக்கும் சேர்த்து எழுதிவிடலாம் என்றுதான் இந்த மடல். கேமரா செய்யாதவர்களும் படிக்க வேண்டும். சொல்லப்போனால் அவர்களை மனதில் வைத்துத்தான் பாதியை எழுதுகிறேன்.

மத்திய மின்னணு, தகவல் தொழில்நுட்ப அமைச்சகம் 2024 ஏப்ரலில் அரசிதழில் அறிவித்த அந்த விதிகளில் மூன்று வரிகள் நமக்கு வேண்டியவை. யூஎஸ்பி, யூஆர்ட் போன்ற, கம்பி மாட்டிக் கருவியோடு பேசும் சீரியல் வழிகளை மூடியிருக்க வேண்டும், இல்லையென்றால் கடினமான கடவுச்சொல் போட்டிருக்க வேண்டும். சிப்புக்குள் இருக்கும் ஜேடேக், எஸ்டபிள்யூடி என்ற டீபக் வழிகளை மூடியிருக்க வேண்டும், இல்லையென்றால் அந்தச் சிப் தரும் பாதுகாப்பு வசதியைச் சரியாக அமைத்திருக்க வேண்டும். மூன்றாவது, தரவைப் பூட்டவும் திறக்கவும் பயன்படும் ரகசியச் சாவிகளும் (இவை நீண்ட எண்கள்) சான்றிதழ்களும் ஒவ்வொரு கருவிக்கும் தனித்தனியாக இருக்க வேண்டும். முதல் இரண்டைப் பற்றித்தான் எல்லோரும் கேட்கிறார்கள். மூன்றாவதைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. என்னைக் கேட்டால் நான் மூன்றாவதாகச் சொன்ன அந்த வரியைத்தான் முதலில் பார்க்க வேண்டும். ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் போர்டைப் பார்ப்போம். கருவியின் மூடியைக் கழற்றினால் ஓரத்தில் நாலு புள்ளி வரிசையாகத் தெரியும், பெரும்பாலும் அதுதான் யூஆர்ட். சில நேரம் பக்கத்திலேயே டிஎக்ஸ் (அனுப்பும் முனை), ஆர்எக்ஸ் (வாங்கும் முனை), கிரவுண்ட் என்று வெள்ளை எழுத்தில் நாமே அச்சடித்து வைத்திருப்போம். எழுத்தை எடுத்துவிட்டாலும் பெரிய தடை இல்லை. மல்டிமீட்டரை கன்டினியூட்டியில் வைத்து கிரவுண்டைப் பிடிக்கலாம். கருவி பூட் ஆகும்போது எந்தப் புள்ளியில் வோல்டேஜ் ஏறி இறங்குகிறதோ அதுதான் டிஎக்ஸ். ரிச்சி ஸ்ட்ரீட்டில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் யூஎஸ்பி-சீரியல் கன்வெர்ட்டரை மாட்டி, வேகத்தை 115200 என்று வைத்தால் பெரும்பாலும் பூட் லாக் ஓட ஆரம்பித்துவிடும். லினக்ஸ் கருவியாக இருந்தால், அதைத் தொடங்கி வைக்கும் யூ-பூட் என்ற நிரல் சில நொடி காத்திருக்கும், ஏதாவது ஒரு கீயைத் தட்டினால் நின்றுவிடும். பிறகு லினக்ஸின் மையமான கெர்னலுக்குப் போகும் வரியில், லாகின் கேட்காமல் நேராக ஷெல்லை (கட்டளை வரியை) திற என்று ஒரு வார்த்தை சேர்த்தால் ரூட், அதாவது முழு அதிகாரம், கையில் வந்துவிடும். கருவிக்குள் இருக்கும் வைஃபை கடவுச்சொல், சர்வர் முகவரி, சர்வருக்கான டோக்கன், அப்டேட்டைச் சரிபார்க்கும் சாவி எல்லாவற்றையும் அள்ளிக்கொள்ளலாம்.

ஜேடேக்கின் கதை வேறு. 1980களின் நடுவில் போர்டுகளில் அடுக்குகள் கூடிக்கொண்டே போயின, பின்கள் நெருங்கிக்கொண்டே வந்தன. அதுவரை ஊசிகள் பதித்த பலகையில் போர்டை அழுத்தி சால்டரைச் சோதித்தவர்களுக்கு ஊசி வைக்க இடம் இல்லாமல் போனது. நிறுவனங்கள் ஒன்றுகூடி, சிப்பின் ஒவ்வொரு பின்னையும் நாலு கம்பி வழியாக எட்டிப் பார்க்க ஒரு முறையை உருவாக்கின. 1990-ல் அது ஐட்ரிபிள்ஈ என்ற பொறியாளர் அமைப்பின் 1149.1 என்ற தரம் ஆனது. பிறகு சிப் தயாரிப்பாளர்கள் அதே கம்பிகளின் மேல் தங்கள் டீபக் வசதிகளையும் ஏற்றினார்கள்: சிபியுவை நிறுத்து, மெமரியைப் படி, ஃபர்ம்வேர் இருக்கும் ஃபிளாஷை அழித்து எழுது. சிறு கருவிகளில் பரவலாக இருக்கும் ஏஆர்எம் கார்ட்டெக்ஸ்-எம் வகைச் சிப்களில் அது இரண்டு கம்பியாகச் சுருங்கி எஸ்டபிள்யூடி ஆனது. கேட்பவர் யார் என்று விசாரிக்கும் ஏற்பாடு அந்த ஆதித் தரத்தில் கிடையாது. தொழிற்சாலைக்குள் மட்டும் பயன்படப்போகும் கம்பி என்று நினைத்தவர்களைக் குறை சொல்லவும் முடியாது.

கம்பி செருகும் ஹெடரை எடுத்துவிட்டோம், வெறும் செம்புப் புள்ளிதான் இருக்கிறது என்று சிலர் சொல்வார்கள். எந்தப் புள்ளி எது என்று தெரியாதவர்களுக்காக ஜோ கிராண்ட் என்ற வன்பொருள் ஆய்வாளர் 2013-ல் ஜேடேகுலேட்டர் என்றொரு கருவியை வெளியிட்டார். புள்ளிகளில் கம்பி வைத்தால் போதும், எல்லாச் சேர்க்கையையும் தானே போட்டுப் பார்த்து இதுதான் ஜேடேக் என்று சொல்லிவிடும். ஆகவே ஹெடரை எடுப்பதும் எழுத்தை அழிப்பதும் எபாக்ஸி ஊற்றுவதும் எதிராளிக்குக் கொஞ்சம் வேலை வைக்கும், அவ்வளவுதான்.

இதற்கு நீங்கள் சொல்லும் மறுப்பை நான் பலமுறை கேட்டிருக்கிறேன். "கருவியைக் கையில் எடுத்து மூடியைத் திறந்தால்தானே இதெல்லாம் நடக்கும்? வீட்டுக்குள்ளேயே புகுந்துவிட்டவன் கேமராவையா கழற்றப் போகிறான்?" நியாயமான கேள்விதான். ஆனால் அவன் கழற்றப்போவது உங்கள் வாடிக்கையாளரின் கேமராவை அல்ல. கடையில் காசு கொடுத்து வாங்கிய அவனுடைய சொந்தக் கேமராவை. வாரக்கணக்கில் மேசையில் வைத்து நோண்டலாம், இரண்டு மூன்று போர்டு கருகிப் போனாலும் பரவாயில்லை.

2014-ல் லைஃப்எக்ஸ் பல்புகளில் நடந்தது இதுதான். வைஃபையில் இயங்கும் எல்இடி பல்பு அது. ஒரு வீட்டில் பல பல்புகள் இருந்தால் ஒன்று தலைமை ஏற்று வைஃபையோடு பேசும், மற்றவை தங்களுக்குள் வேறொரு வயர்லெஸ் வலையில் பேசிக்கொள்ளும். புதுப் பல்பு சேரும்போது வீட்டு வைஃபை கடவுச்சொல்லைத் தலைமைப் பல்பு அந்த வலை வழியாகக் கொடுக்கும். சும்மா கொடுக்கவில்லை, ஏஇஎஸ் என்ற குறியாக்க முறையில் பூட்டித்தான் கொடுத்தது. ஏஇஎஸ்ஸை நேரடியாக உடைக்க நடைமுறையில் யாராலும் முடியாது. கான்டெக்ஸ்ட் என்ற பிரிட்டிஷ் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் அதை உடைக்க முயலவும் இல்லை. ஒரு பல்பை வாங்கிப் பிளந்து, உள்ளே இருந்த போர்டில் ஜேடேக் புள்ளிகளைக் கண்டுபிடித்து, ஃபர்ம்வேரை முழுதாக வெளியே எடுத்தார்கள். சாவி அதற்குள் இருந்தது. எல்லாப் பல்புகளிலும் அதே சாவி. அதன்பிறகு எந்த வீட்டுப் பல்பையும் தொட வேண்டிய தேவையே இல்லை, வயர்லெஸ் எட்டும் தூரத்தில் நின்றாலே அந்த வீட்டின் வைஃபை கடவுச்சொல்லைக் கேட்டு வாங்கலாம். நிறுவனம் ஃபர்ம்வேரைத் திருத்தி அப்டேட் அனுப்பிச் சரிசெய்தது. அப்டேட் அனுப்பும் வழி இருந்ததால் பிழைத்தார்கள்.

ஜேடேக்கை மூடியிருந்தால் இது நடந்திருக்காதே என்று தோன்றும். இரண்டு வருடம் கழித்து நடந்ததைப் பாருங்கள். 2016-ல் எயால் ரோனன், ஆதி ஷமீர், அகி வைன்கார்ட்டன், காலின் ஓஃபிளின் ஆகிய ஆய்வாளர்கள் பிலிப்ஸ் ஹியூ என்ற ஸ்மார்ட் பல்பை எடுத்துக்கொண்டார்கள். ஷமீர் ஆர்எஸ்ஏ என்ற புகழ்பெற்ற குறியாக்க முறையைக் கண்டுபிடித்த மூவரில் ஒருவர். அவர்கள் டீபக் போர்ட்டை நம்பவில்லை. ஃபர்ம்வேர் அப்டேட்டைத் திறக்கும்போது சிப் இழுக்கும் மின்சாரம் நுணுக்கமாக ஏறி இறங்குவதை அளந்தே ஏஇஎஸ் சாவியைக் கணக்கிட்டு எடுத்துவிட்டார்கள். சில நூறு டாலர் மதிப்புள்ள கருவிகள் போதுமாக இருந்தன. அந்த வகைப் பல்புகள் அனைத்துக்கும் ஒரே சாவி என்பதால், தாங்களே எழுதிய ஃபர்ம்வேரை நிறுவனத்தின் அப்டேட் போலவே மற்றப் பல்புகள் ஏற்றுக்கொள்ளச் செய்ய முடிந்தது. ட்ரோனில் கருவியைக் கட்டிப் பறக்கவிட்டு ஒரு கட்டடத்தின் விளக்குகளைத் தொலைவில் இருந்தே கைப்பற்றிக் காட்டினார்கள்.

இங்கே வேரில் இருக்கும் பிழை, அப்டேட்டைச் சரிபார்க்கவும் பூட்டவும் ஒரே சமச்சீர் சாவியைப் பயன்படுத்தியது. அப்படிச் செய்தால் சரிபார்க்கும் ஒவ்வொரு பல்புக்குள்ளும், இது நிறுவனத்தின் அப்டேட்தான் என்று கையெழுத்துப் போடும் சாவியே இருந்தாக வேண்டும். கையெழுத்துப் போட ஒரு சாவி, சரிபார்க்க வேறொரு சாவி என்று பிரித்துவிட்டால், கருவிக்குள் இருப்பது சரிபார்க்கும் சாவி மட்டும்தான். அதைத் தோண்டி எடுத்தாலும் போலி அப்டேட் செய்ய முடியாது. இன்றைக்குச் சாதாரண கார்ட்டெக்ஸ்-எம் சிப்பிலும் இதைச் செய்யலாம், இதற்கு நேரமும் இடமும் இல்லை என்று சொல்லும் சாக்கு பழையதாகிவிட்டது.

இதே பிழையை நம் ஊரில் வேறு உருவத்தில் பார்க்கிறேன். டிராக்கரோ பம்ப் கன்ட்ரோலரோ, சர்வரோடு எம்க்யூடிடி என்ற செய்தி அனுப்பும் முறை வழியாகப் பேசும். எல்லாக் கருவிக்கும் ஒரே பயனர் பெயர், ஒரே கடவுச்சொல். சர்வரும் யார் எந்தச் செய்தித் தலைப்பைக் கேட்கலாம் என்று பிரித்துப் பார்க்காது. ஒரு டிராக்கரை வாங்கி, யூஆர்ட்டில் கடவுச்சொல்லை எடுத்தவர் அந்த நிறுவனம் விற்ற எல்லா வண்டிகளும் எங்கே நிற்கின்றன என்று உட்கார்ந்த இடத்தில் பார்க்கலாம். பம்ப் கன்ட்ரோலர் என்றால் பார்ப்பதோடு நிற்காது, எவர் தோட்டத்து மோட்டாரையும் போட்டு நிறுத்தலாம். ஒரு தெருவில் எல்லா வீட்டுக்கும் ஒரே சாவி போட்டுவிட்டு ஒவ்வொரு வாசலிலும் இரும்புக் கதவு மாட்டுவதில் என்ன பயன்?

அடுத்தது, போர்ட் பெட்டிக்கு வெளியே இருக்கும் கருவிகள். ஆனிட்டி ஹோட்டல் பூட்டுகளின் அடியில் வட்டமாக ஒரு துளை இருந்தது. பராமரிப்புக் கருவியைச் செருகி பூட்டுக்கு அமைப்புகளை ஏற்றுவதற்கான வழி அது. 2012 ஜூலையில் பிளாக் ஹாட் பாதுகாப்பு மாநாட்டில் கோடி புரோஷியஸ் என்ற ஆய்வாளர், அந்தத் துளையில் ஆர்டுயினோ என்ற சிறு கணினிப் பலகையை இணைத்து, பூட்டின் மெமரியைக் கேட்டாலே கொடுத்துவிடுகிறது என்று காட்டினார். யார் நீ என்று பூட்டு கேட்கவே இல்லை. அந்த ஹோட்டலுக்கான ரகசிய எண் மெமரியில் இருந்தது. அதைப் படித்து, அதையே திருப்பிக் கொடுத்தால் கதவு திறந்தது. அந்த செப்டம்பரிலேயே ஹூஸ்டன் நகர ஹோட்டல் ஒன்றில் இதே முறையில் திருட்டு நடந்தது.

திருத்தம் வந்த விதத்தை உரிமையாளர்கள் கவனித்துப் படிக்க வேண்டும். உலகம் முழுக்கக் கதவுகளில் மாட்டப்பட்டுவிட்ட பூட்டுகள் அவை, பல லட்சம். நெட்வொர்க் இணைப்பு இல்லாததால் அப்டேட் அனுப்ப வழியில்லை. நிறுவனம் முதலில் இலவசமாகக் கொடுத்தது ஒரு பிளாஸ்டிக் அடைப்பானும் எளிதில் கழற்ற முடியாத வகை ஸ்க்ரூவும். நிஜமான திருத்தம் வேண்டும் என்றால் பூட்டின் ஃபர்ம்வேரையோ சர்க்யூட் போர்டையோ கதவு கதவாகப் போய் மாற்ற வேண்டும், அதற்கு ஹோட்டல்தான் காசு கொடுக்க வேண்டும் என்று ஆரம்பத்தில் சொன்னார்கள். டிசைன் செய்யும்போது ஒரு வாரம் கூடுதலாக உட்கார்ந்திருந்தால் முடிந்திருக்கும் வேலை.

மீட்டர் செய்பவர்களுக்கு இன்னொன்று. 2009-ல் அமெரிக்க ஆட்சிப் பகுதியான போர்ட்டோ ரிக்கோவில் ஸ்மார்ட் மீட்டர்களில் பெரிய அளவில் மின்திருட்டு நடப்பதாகச் சந்தேகம் வந்து எஃப்பிஐ விசாரித்தது. 2010-ல் அது எழுதிய எச்சரிக்கைக் குறிப்பைப் பின்னர் பத்திரிகையாளர் பிரையன் கிரெப்ஸ் வெளியே கொண்டுவந்தார். மீட்டரின் முகப்பில் இருக்கும், ஒளியால் பேசும் ஆப்டிகல் போர்ட்டில் லேப்டாப்பை இணைத்து, மின்நுகர்வைப் பதியும் அமைப்பையே மாற்றியிருக்கிறார்கள். மீட்டரைப் பிரிக்கவில்லை, சீலை உடைக்கவில்லை. வீட்டு மீட்டருக்கு 300 முதல் 1,000 டாலர் வரை கூலி. இதைச் செய்தது மீட்டர் நிறுவனத்தின் முன்னாள் ஊழியர்களும் மின்வாரிய ஊழியர்களும் என்று எஃப்பிஐ நம்பியது. மின்நிறுவனத்துக்கு வருடத்துக்கு 40 கோடி டாலர் வரை இழப்பு வரலாம் என்று அந்தக் குறிப்பு மதிப்பிட்டது.

விதியில் "அல்லது கடவுச்சொல்லால் காக்க வேண்டும்" என்று ஒரு வழி இருக்கிறது என்றேன் அல்லவா? எல்லா மீட்டருக்கும் ஒரே சர்வீஸ் கடவுச்சொல் வைத்துவிட்டு அந்த வரியில் டிக் போட்டுவிடலாம். லேபும் ஒருவேளை ஏற்றுக்கொள்ளும். வேலையை விட்டுப் போகும் ஒவ்வொரு சர்வீஸ் ஆளும் அதை மனதில் எடுத்துக்கொண்டுதான் போவார்.

சரி, சிப்பையே பூட்டிவிட்டால்? கட்டாயம் பூட்டுங்கள். பல கருவிகளில் இருக்கும் எஸ்டிஎம்32 சிப்களில் ஆர்டிபி என்ற படிப்புத் தடைக்கு மூன்று நிலை உண்டு. 0 என்றால் முழுத் திறப்பு. 1 என்றால் டீபக்கரை (டீபக் போர்ட்டில் இணைக்கும் கருவி) மாட்டலாம், ஃபிளாஷைப் படிக்க முடியாது, 0-க்கு இறக்கினால் ஃபிளாஷ் மொத்தமும் அழிந்துவிடும். 2 என்றால் டீபக் வழி மூடப்படும், பெரும்பாலான பழைய வகைகளில் திரும்பவே முடியாது. தொழிற்சாலையை விட்டு 0 நிலையில் ஒரு கருவிகூட வெளியே போகக் கூடாது.

ஆனால் பூட்டியாயிற்று என்று நிம்மதியாகவும் இருந்துவிடாதீர்கள். எஸ்டிஎம்32எஃப்0 வகையில் 1-ம் நிலையை மீறி ஃபிளாஷைத் துண்டு துண்டாகப் படிக்கலாம் என்று ஜெர்மனியின் ஃபிரவுன்ஹோஃபர் ஆய்வாளர்கள் 2017-ல் காட்டினார்கள். 2020 ஜனவரியில் கிராக்கன் என்ற கிரிப்டோ பரிமாற்ற நிறுவனத்தின் ஆய்வுக்குழு, கிரிப்டோ பணத்தின் சாவியைக் காக்கும் டிரெசர் வாலெட் கருவியை எடுத்து, பூட் ஆகும் கணத்தில் சிப்புக்குப் போகும் வோல்டேஜை ஒரு நொடியில் மிகச் சிறு பங்கு நேரம் சரியவிட்டு, 2-ம் நிலைப் பூட்டையே தடுமாற வைத்தது. கருவி கைக்கு வந்தால் 15 நிமிடம் போதும் என்றார்கள். அதே வருடம் நார்டிக் நிறுவனத்தின் என்ஆர்எஃப்52 சிப்பின் டீபக் பூட்டும் இதே உத்தியில் விழுந்தது. தொலைந்த பொருளைத் தேட உதவும் ஆப்பிள் ஏர்டேகில் இருந்தது அந்தக் குடும்பத்துச் சிப்தான். 2021 ஏப்ரலில் விற்பனைக்கு வந்தது, மே மாதத்திலேயே ஒரு ஆய்வாளர் அதன் ஃபர்ம்வேரை வெளியே எடுத்து, போனைத் தொட்டால் திறக்கும் இணைய முகவரியை மாற்றிக் காட்டினார். சிலிக்கானில் இருக்கும் ஓட்டையை அப்டேட்டால் அடைக்க முடியாது, புதுப் பதிப்புச் சிப்தான் வர வேண்டும். ஆப்பிளுக்கே இந்த நிலை என்றால் உங்கள் போர்டில் இருக்கும் சிப் என்றைக்கும் உடையாது என்று வைத்துக்கொண்டு டிசைன் செய்வது சரியாக வராது.

டிரெசர் விவகாரத்தில் ஒரு விஷயம் எனக்குப் பிடித்தது. கூடுதல் கடவுச்சொற்றொடர் வைத்திருந்தவர்களின் பணத்துக்கு ஆபத்தில்லை. அந்தச் சொற்றொடர் கருவிக்குள் சேமிக்கப்படுவதே இல்லை. பெட்டிக்குள் வைக்காததை யாரும் பெட்டிக்குள் இருந்து எடுக்க முடியாது. உங்கள் கருவியில் என்னென்ன ரகசியம் இருக்கிறது என்று ஒரு தாளில் எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே இரண்டு கேள்வி: இது இங்கே இருந்தே ஆக வேண்டுமா? இருந்தால், இந்த ஒரு கருவியோடு நிற்குமா, மற்றவற்றையும் இழுத்துக்கொண்டு போகுமா? சர்வரின் அட்மின் கடவுச்சொல், எல்லோருக்கும் பொதுவான டோக்கன், கையெழுத்துச் சாவி மூன்றும் அந்தத் தாளில் வந்தால் ஜேடேக்கைப் பற்றிப் பேசுவதை நிறுத்திவிட்டு முதலில் அவற்றை எடுங்கள்.

தனிச் சாவி என்றதும் உற்பத்தி வேகம் குறையும் என்று முகம் சுளிக்கிறார்கள். போர்டைச் சோதிக்கும் டெஸ்ட் ஜிக் ஏற்கனவே ஒவ்வொரு போர்டுக்கும் சீரியல் நம்பர் எழுதிக்கொண்டுதான் இருக்கிறது. அதே இடத்தில் சிப்பையே ஒரு சாவி ஜோடியை உருவாக்கச் சொல்லி, அதில் வெளியே தரக்கூடிய பொதுச் சாவியை மட்டும் வெளியே வாங்கி டேட்டாபேஸில் போட்டால் ஆயிற்று. ரகசியப் பாதி சிப்பை விட்டு வெளியே வரவே வராது. பின்னால் ஒரு கருவி கெட்டவர் கையில் சிக்கியது என்று தெரிந்தால் அந்த ஒன்றை மட்டும் சர்வரில் நிறுத்திவிடலாம்.

இனி தொழிற்சாலைக்குள் வருவோம், எனக்கு அதிகம் கோபம் வரும் இடம் இது. போர்ட்டைத் திறந்து விடலாம் என்று யாரும் முடிவெடுத்து விடுவதில்லை. மூட வேண்டியது யார் வேலை என்று யாருக்கும் தெரியாததால் திறந்து கிடக்கிறது. டிசைன் செய்பவருக்கு டீபக் வேண்டும். அசெம்பிளி செய்து தரும் வெளி நிறுவனத்துக்கு ப்ரோக்ராம் ஏற்ற அதே போர்ட் வேண்டும். சர்வீஸ்காரருக்குத் திரும்பி வந்த கருவியில் என்ன கோளாறு என்று பார்க்க வேண்டும். மாதக் கடைசியில் அனுப்ப வேண்டிய எண்ணிக்கை முன்னால் நிற்கும்போது, பூட்டும் படியைத்தான் முதலில் தாண்டுவார்கள், ஏனென்றால் அதைத் தாண்டினாலும் கருவி நன்றாகத்தான் ஓடும். லேபுக்குப் போகும் மாதிரியைக் கவனமாகப் பூட்டி அனுப்பிவிட்டு, கடைக்குப் போவதைப் பூட்டாமல் அனுப்பவும் வழி இருக்கிறது. ஆகவே பூட்டுவது ஜிக்கின் கடைசிப் படியாக இருக்கட்டும். அதன்பிறகு ஜிக்கே டீபக்கர் போல் இணைய முயன்று பார்க்கட்டும், இணைய முடிந்தால் அந்த போர்டை ஃபெயில் என்று தள்ளட்டும். மனிதரின் ஞாபகத்தை நம்பி இதை விடாதீர்கள்.

லினக்ஸ் கருவி செய்பவர்களுக்குத் தனியாக இரண்டு வரி. யூ-பூட்டில் காத்திருக்கும் நேரத்தை 0 என்று வைத்தால் மூடியாயிற்று என்று நினைப்பவர்கள் நிறைய. 0 வைத்தாலும் சரியான கணத்தில் கீ வந்தால் நிற்கும், கீயைப் பார்க்கவே கூடாது என்றால் -2 வைக்க வேண்டும். அதுவும் போதாது. பூட் ஆகும்போது ஃபிளாஷ் சிப்பின் டேட்டா பின்னை ஒரு கணம் ஷார்ட் செய்தால் கெர்னல் ஏறாமல் யூ-பூட் தானாகவே கட்டளை வரிக்கு விழும், இது பழைய தந்திரம். கட்டளை வரியையே எடுத்துவிடுங்கள், பூட் தோற்றால் ரீசெட் ஆகட்டும். அப்புறம், இத்தனையும் செய்துவிட்டு ஃபிளாஷை என்க்ரிப்ட் செய்யாமல் விட்டால், எட்டுக்கால் கிளிப்பும் மலிவான சிஎச்341ஏ ப்ரோக்ராமரும் வைத்து யூஆர்ட் பக்கமே போகாமல் எல்லாவற்றையும் படித்துவிடலாம்.

இவ்வளவும் சொன்னதை வைத்து, எல்லாவற்றையும் வெல்டிங் வைத்து மூடச் சொல்கிறேன் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். இதே போர்ட்கள்தான் செத்துப்போன ரவுட்டர்களுக்கு உயிர் கொடுத்தன. ஒரு காலத்தில் லின்க்சிஸ் டபிள்யூஆர்டி54ஜி ரவுட்டரை ஜேடேக் கேபிளால் மீட்டுத்தான் எத்தனையோ பேர் இந்தத் தொழிலையே கற்றார்கள். கிராமத்தில் பம்ப் கன்ட்ரோலர் நின்றுவிட்டால், உங்கள் நிறுவனம் மூடிப்போயிருந்தால்கூட, பக்கத்து ஊர் மெக்கானிக் அதில் புது ஃபர்ம்வேர் ஏற்ற முடிய வேண்டும். வாங்கியவருக்கு அந்த உரிமை உண்டு என்று நான் நினைக்கிறேன். இதற்கும் பாதுகாப்புக்கும் சண்டை வர வேண்டியதில்லை. போர்ட்டைத் திறக்கலாம், திறந்தால் சாவிகளும் பழைய ஃபர்ம்வேரும் அழிந்துபோகும் என்று வைத்தால் மெக்கானிக்குக் காலி போர்டு கிடைக்கும், திருடனுக்கு ஒன்றும் கிடைக்காது. எஸ்டிஎம்32-ன் 1-ம் நிலை இந்த யோசனையில் செய்ததுதான். உங்கள் சர்வீஸ் பிரிவுக்கு அழிக்காமல் பார்க்க வேண்டும் என்றால், கருவிக்குக் கருவி வேறாக இருக்கும் சாவியைக் காட்டினால் மட்டும் டீபக் திறக்கும் வசதி என்எக்ஸ்பியின் எல்பிசி55எஸ் போன்ற புதுச் சிப்களில் இருக்கிறது. ஒரே சர்வீஸ் சாவியை எல்லாவற்றிலும் போட்டு இதையும் கெடுத்துவிடாதீர்கள்.

ஏற்றுமதி செய்பவர்களுக்கு ஐரோப்பிய விதிகள் ஏற்கனவே கழுத்தில் நிற்கின்றன. கையில் எட்டும் டீபக் போர்ட்டை மென்பொருளால் மூடியே ஆக வேண்டும் என்று ஈடிஎஸ்ஐ இஎன் 303 645 தரம் 2020-லேயே சொல்லிவிட்டது. ஐரோப்பிய ஒன்றியத்தின் சைபர் ரெசிலியன்ஸ் சட்டம் 2027 டிசம்பர் 11 முதல் முழுமையாக நடைமுறைக்கு வருகிறது. இன்று டிசைன் மேசையில் இருக்கும் போர்டு அன்றைக்கு விற்பனையில் இருக்கும்.

இன்னொரு வேண்டுகோள் சின்னது. பெட்டியின் மேல் ஒரு மின்னஞ்சல் முகவரி போடுங்கள். உங்கள் கருவியில் ஓட்டை கண்டுபிடித்த கல்லூரி மாணவர் யாரிடம் சொல்வது என்று தெரியாமல் திண்டாடுகிறார். அப்படி எழுதினால் வக்கீல் நோட்டீஸ் அனுப்பாதீர்கள், நன்றி சொல்லித் திருத்துங்கள். நீங்கள் பதில் சொல்லாவிட்டால் அவர் இணையப் பாதுகாப்பைக் கவனிக்கும் மத்திய அரசு அமைப்பான செர்ட்-இன்னுக்கு எழுதுவார், அதுவும் நியாயம்தான்.

இந்த மடலைப் படித்துவிட்டு ஆலோசகர் யாரையும் தேட வேண்டாம். குடோனில் இருந்து, பேக் ஆகி அனுப்பத் தயாராக இருக்கும் இரண்டு பெட்டிகளை எடுங்கள். லேபுக்கு அனுப்பிய மாதிரி வேண்டாம். உங்களிடம் இருக்கும் இளம் பொறியாளர் ஒருவரிடம் அவற்றோடு ஒரு எஸ்டி-லிங்க் டீபக்கர், ஒரு சீரியல் கன்வெர்ட்டர், ஒரு ஃபிளாஷ் கிளிப் கொடுத்து, வேறு வேலை எதுவும் தராமல் ஒரு வாரம் விடுங்கள். சோர்ஸ் கோடைக் காட்டாதீர்கள். முதல் பெட்டியில் இருந்து அவர் ஏதாவது ஒரு சாவியை எடுத்துக் கொண்டுவந்தால், இரண்டாவது பெட்டியிலும் அதே சாவி வேலை செய்கிறதா என்று கேளுங்கள். செய்கிறது என்றால் அந்த பேட்ச் குடோனிலேயே இருக்கட்டும், லாரியைத் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு ஃபர்ம்வேர் பொறியாளர்